தூரத்தில் மார்ட்டன், பக்கத்தில் பூனை

கோகலின் ‘ஓவர்கோட்’ கதையைப் படிப்பதற்கு முன்பே நம்மில் பலருக்கு அது தெரிந்துவிடுகிறது. ஜும்பா லாஹிரியின் ‘தி நேம்சேக்’ நாவல் வழியாக, அல்லது மீரா நாயர் எடுத்த அதன் படம் வழியாக. கதைச்சுருக்கமும் கூடவே வந்துவிடும். ஏழை குமாஸ்தா, கடும் குளிர், வயிற்றைக் கட்டிக் காசு சேர்த்து கோட் தைக்கிறான், போட்ட முதல் நாளே பறிபோகிறது, செத்துப்போகிறான், பேயாக வந்து கோட் பறிக்கிறான். பாவம்.

அந்தப் ‘பாவம்’தான் எனக்கு இடிக்கிறது. 1842இல் வெளியான இந்தக் கதையைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதி இரக்கத்தில் தொடங்கி இரக்கத்திலேயே முடிகிறது. விதிவிலக்குகள் உண்டு. 1919இல் ஐகன்பாம் இது எப்படிச் ‘செய்யப்பட்டிருக்கிறது’ என்று பிரித்துப் போட்டு, இதில் இரக்கத்தைவிடச் சொல் விளையாட்டுதான் அதிகம் என்றார். ஒரு எஞ்சினியராக அந்தக் கட்டுரை எனக்குப் பிடிக்கும். ஆனால் இரக்கக் கட்சி, விளையாட்டுக் கட்சி இரண்டுமே ஒரு சின்ன விஷயத்தை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. அக்காகி அக்காகியெவிச் கடைக்குப் போய், காலருக்கு என்ன ரோமம் வைக்கலாம் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்.

(‘தேர்ந்தெடுக்கிறான்’ என்றுதான் தமிழில் கை தானாக எழுதும். சுருக்கம் சொல்லும்போது நானும் அப்படித்தான் சொன்னேன், ஊர் சொல்வதுபோல. கதையில் அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அதைக்கூட கவனிக்காமல் இளைஞர்கள் கெட்டுப்போய்விட்டார்கள் என்று அவர் முன்னால் கத்துவது அந்த ‘முக்கியப் புள்ளி’. ‘அவர்’ என்றே வைத்துக்கொள்வோம்.)

கணக்கைப் பார்ப்போம். ஆண்டுச் சம்பளம் 400 ரூபிள். ஒற்றைக்கண் தையல்காரர் பெத்ரோவிச் முதலில் கேட்பது 150க்கும் மேலே. காலரில் மார்ட்டன் ரோமமும் தலைமூடிக்குப் பட்டு உள்துணியும் வைத்தால் 200. மார்ட்டன் என்பது கீரி மாதிரி நீண்ட உடல்கொண்ட ஒரு விலங்கு. அன்றைய பீட்டர்ஸ்பர்கில் அதன் ரோமம் கழுத்தில் இருந்தால் ஒரு மதிப்பு. கடைசியில் கதை வந்து நிற்கும் தொகை 80. சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஆண்டுக்குப் பத்து லட்சம் வாங்கும் ஒரு டெவலப்பர் ஒரே ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு லட்சம் எடுத்துவைப்பது மாதிரி.

பாதித் தொகை கையில் இருக்கிறது. செலவழிக்கும் ஒவ்வொரு ரூபிளுக்கும் அரை கோபெக் வீதம் ஒரு பெட்டியில் போட்டுவந்தது, பல வருஷத்தில் நாற்பது சொச்சம் ஆகியிருக்கிறது. மீதிக்கு மாலைத் தேநீர் நிற்கிறது, மெழுகுவத்தி நிற்கிறது, செருப்புத் தேயாமல் இருக்க நுனிக்காலில் நடக்கிறார். இதெல்லாம் நமக்குத் தெரிந்த சிக்கனம்தான், நம் தாத்தா பாட்டிகளிடம் இல்லாததா? ஆனால் கோகல் இங்கே ஒரு திருப்பம் வைக்கிறார். பட்டினி கிடப்பவர் வாடிப்போகாமல் மலர்கிறார். கல்யாணம் ஆனவர்போல ஆகிறார். கண்ணில் அவ்வப்போது ஒரு தீ. எதற்கு? குளிர் தாங்கலாம் என்பதற்கா? இல்லை. பேசாமல் மார்ட்டனே வைத்துவிட்டால் என்ன என்ற நினைப்புக்கு. அந்த நினைப்பில் எழுத்தைப் பிசகவிடப் பார்க்கிறார், நகல் எடுப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட மனிதர்.

போனஸ் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக, 60 ரூபிள் வருகிறது. கடைக்குப் போகிறார்கள். துணி நல்ல துணி. உள்பக்கத்துக்குப் பட்டு கிடையாது, காலிகோதான். ஆனால் பட்டைவிடப் பளபளப்பு என்று பெத்ரோவிச் சத்தியம் செய்யும் தரம். மார்ட்டன் கட்டுப்படியாகவில்லை. பதிலாகப் பூனை. கடையில் இருந்ததிலேயே மிகச் சிறந்த பூனை, தூரத்திலிருந்து பார்த்தால் யாரும் மார்ட்டன் என்றே நினைக்கக்கூடிய பூனை.

‘தூரத்திலிருந்து’ என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குளிருக்குத் தூரம் கிடையாது. கழுத்தில் உட்கார்ந்திருக்கும் பூனை கழுத்துக்குப் பூனைதான். தூரம் இருப்பது பார்க்கிறவர்களுக்கு. அப்படியென்றால் அந்தக் கடையில் நின்ற இரண்டு பேரும் தெருவில் எதிரே வரப்போகிற யாரோ ஒருவரின் கண்ணைக் கடன்வாங்கிக்கொண்டு அந்த ரோமத்தைப் பார்த்திருக்கிறார்கள். புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு நடக்கும்போது அக்காகிக்கு இரண்டு லாபம் தெரிவதாகக் கோகல் எழுதுகிறார்: ஒன்று கதகதப்பாக இருக்கிறது, இன்னொன்று நன்றாக இருக்கிறது. பெத்ரோவிச்சுக்கும் தெரியும். கொடுத்துவிட்டுத் தெருவில் நின்று பின்னாலிருந்து ரசிக்கிறார். போதாமல், சந்து வழியாக ஓடிப்போய் முன்பக்கமாக வந்து இன்னொருமுறை பார்க்கிறார்.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் இந்த இரண்டு லாபமும் கோட்டின் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. பெத்ரோவிச்சுக்கு இரண்டு வாரம் பிடித்ததற்குக் காரணம், உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் வேலை அதிகம். வெப்பத்தைக் காப்பது பஞ்சுகூட அல்ல, பஞ்சுக்கு நடுவே அசையாமல் மாட்டிக்கொண்ட காற்று. இன்றைய வாத்து இறகு ஜாக்கெட்டும் இதே சூத்திரம்தான். அதில் போட்டிருக்கும் 600, 800 என்ற எண், ஒரு அவுன்ஸ் இறகு எத்தனை கன அங்குலம் உப்பும் என்பதைச் சொல்கிறது. அவ்வளவுதான். நம்மைக் கதகதப்பாக வைப்பது கண்ணுக்குத் தெரியாத, விலையில்லாத காற்று. கண்ணுக்குத் தெரிவதற்குத்தான் காசு.

இதை நான் முதலில் புத்தகத்தில் கற்கவில்லை, மினியாபொலிஸில் கற்றேன். ஆன்சைட் போகிறவனுக்கு டீமில் ஆளாளுக்கு அறிவுரை சொல்வார்கள். “தெர்மல் ரெண்டு செட், மேல அவுட்லெட்ல ஒரு ஜாக்கெட், நூறு டாலருக்குள்ள முடிச்சிரு.” கணக்கு சரியானது. ஆனால் அதே டீமில் ஒருத்தர் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து கனடா கூஸ் போட்டுவந்தார், கையில் அந்த வட்டச் சின்னத்தோடு. 1957இல் டொராண்டோவில் தொடங்கிய கம்பெனி. அண்டார்டிகா விஞ்ஞானிகளுக்கு அங்கி தைத்த பெருமை உண்டு. அலுவலகத்துக்கும் கார் நிறுத்தத்துக்கும் நடுவே இருநூறடி நடக்க அண்டார்டிகா எதற்கு என்று லிஃப்டில் எல்லோரும் கிண்டல் செய்தோம். அவர் இல்லாதபோது அந்தக் கையைத் தொட்டும் பார்த்தோம். வீடியோ காலில் என் ஜாக்கெட்டைப் பார்த்த அம்மா கேட்டதும் கதையின் வரிசையில்தான் வந்தது: “கதகதன்னு இருக்காடா? நல்லாத்தான் இருக்கு. எவ்ளோ?” மூன்றாவது கேள்விக்கு எல்லோரும் சொல்லும் பதிலைத்தான் நானும் சொன்னேன். ஆஃபர்ல.

கோகலுக்கு இந்தக் கதை வந்த வழியை அன்னென்கோவ் தன் நினைவுக்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். நண்பர்கள் கூடியிருந்தபோது ஒருவர் ஒரு ஏழை அதிகாரியைப் பற்றிச் சொன்ன வேடிக்கைக் கதை. பறவை வேட்டையில் பைத்தியம் அவருக்கு. மாடாய் உழைத்து 200 ரூபிள் சேர்த்து லெபாஷ் துப்பாக்கி வாங்கினார். முதல் நாளே படகில் ஃபின்லாந்து வளைகுடாவுக்குப் போனார், நாணல் இழுத்துத் துப்பாக்கி தண்ணீருக்குள் போனது. மனிதர் காய்ச்சலில் படுத்தார். சக ஊழியர்கள் பணம் போட்டு வேறொன்று வாங்கிக் கொடுத்ததும்தான் எழுந்தார். எல்லோரும் சிரித்தார்கள், கோகலைத் தவிர.

துப்பாக்கி கோட்டாக மாறியதைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படுவது, ஆடம்பரத்தை எடுத்துவிட்டு அத்தியாவசியத்தை வைத்தார், சிரிப்பு சோகமாயிற்று என்பது. பாதி சரி. துப்பாக்கியை அவர் முழுசாகத் தூக்கிப்போடவில்லை என்பது என் வாசிப்பு. அது காலருக்குள் இருக்கிறது. வேட்டைக்காரனுக்கு லெபாஷ் என்னவோ, அக்காகிக்கு அந்தப் பூனை அது. தேவைக்கு மேலே கொஞ்சம், தனக்கே தனக்கென்று. அந்தக் கொஞ்சத்தை எடுத்துவிட்டுப் படித்தால் மிஞ்சுவது குளிரில் நடுங்கும் ஒரு உடம்பு. உடம்புக்குக் கம்பளி கொடுத்தால் போதும். தர்மம் செய்கிறவர்களுக்கு மிக வசதியான வாசிப்பு இது. ரேஷன் வாங்குகிறவன் எதற்கு ஸ்மார்ட்ஃபோன் வைத்திருக்கிறான் என்று கேட்பவர்களும் இப்படித்தான் படிப்பார்கள்.

இந்த வாசிப்பின்மேல் முதலில் கோபப்பட்டவர்களில் ஒருவர் ஒரு கதாபாத்திரம். தஸ்தயேவ்ஸ்கியின் ‘ஏழை மக்கள்’ (1846) நாவலில் மகார் தேவுஷ்கினும் நகல் எடுக்கும் குமாஸ்தாதான். வார்வாரா அவருக்கு ‘ஓவர்கோட்’ கதையைப் படிக்கக் கொடுக்கிறாள். அவருக்கு ஆத்திரம். தன் பொந்துக்குள் யாரோ எட்டிப்பார்த்து ஊருக்குச் சொல்லிவிட்டதுபோல. அதே தேவுஷ்கின் இன்னொரு கடிதத்தில் ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறார்: கோட்டும் பூட்ஸும் போடுவதே மற்றவர்களுக்காகத்தான், தனக்காக அல்ல. ஆக, அக்காகியை அவருக்கு மிக நன்றாகப் புரிகிறது. புரிந்ததுதான் தாங்கவில்லை. பூனை பூனைதான் என்று பக்கத்தில் வந்து பார்த்துச் சொன்னவர் கோகல்.

2018இல் இங்கிலாந்தின் பிர்கன்ஹெட்டில் ஒரு பள்ளி, கனடா கூஸ், மாங்க்ளேர் மாதிரியான கோட்டுகளைப் போட்டு வரக்கூடாது என்று தடைவிதித்தது. வாங்க முடியாத பிள்ளைகள் கூசிப்போகிறார்கள் என்று காரணம். அந்த அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் கடையிலிருந்ததிலேயே நல்ல பூனையைத் தேடி எடுத்த பிள்ளையும் அந்த வகுப்பில் இருந்திருக்குமே என்றும் தோன்றுகிறது. அதை யார் கேட்பது?

நம் பக்கத்து மொழியில் இதே கோட்டுக்கு ஒரு அருமையான மறுபிறவி உண்டு. ராஜிந்தர் சிங் பேதியின் உருதுக் கதை ‘கரம் கோட்’. பல்ராஜ் சாஹ்னி நடித்து 1955இல் படமாகவும் வந்தது. பேதியின் குமாஸ்தாவுக்கும் கிழிந்த கோட், நல்ல வொர்ஸ்டட் துணிமேல் ஆசை. ஆனால் பையிலிருக்கும் பத்து ரூபாய்க்குப் பிள்ளைகளின், மனைவியின் பட்டியல் இருக்கிறது. அந்த நோட்டு தொலைந்து, கோட்டின் ஓட்டை வழியே உள்துணிக்குள் கிடைத்து, கடைசியில் கடைத்தெருவுக்குப் போன மனைவி பட்டியலை விட்டுவிட்டு அவருக்குக் கோட் துணி வாங்கிவருகிறாள். கண் கலங்கும். எனக்கும் கலங்கியது. கூடவே ஒரு சங்கடம். இந்தியக் குமாஸ்தா அந்தத் துணியைத் தானே வாங்கியிருந்தால் நாம் மன்னித்திருப்போமா? ஆசையை வேறொருவர் கையில் கொடுத்துத் திரும்ப வாங்கினால்தான் நம் வீடுகளில் அது அன்பு ஆகிறது. அக்காகிக்குத் தர யாருமில்லை. தானே கடைக்குப் போனார். கோகலின் கதை பேதியின் கதையைவிடத் துணிச்சலானது என்று நான் நினைப்பது இதனால்தான்.

இனி முடிவு. புதுக் கோட்டைக் கொண்டாட அதிகாரி ஒருவர் வீட்டில் விருந்து. போகும் வழியில் தெருக்கள் வெளிச்சமாகிக்கொண்டே போகின்றன, எதிரே வரும் கழுத்துகளில் பீவர் ரோமம் தட்டுப்படுகிறது. பூனைக்கும் பீவருக்கும் நடுவே இருக்கும் தூரத்தைத்தான் அவர் நடந்துகொண்டிருக்கிறார். விருந்திலிருந்து கிளம்பும்போது கோட் தரையில் கிடக்கிறது. உதறி எடுத்துப் போட்டுக்கொள்கிறார். சற்றுநேரத்தில் சதுக்கத்தில் மீசைக்காரர்கள் அதைப் பறித்துக்கொள்கிறார்கள். (2019 ஜனவரியில் சிகாகோவில் துப்பாக்கி காட்டி கனடா கூஸ் ஜாக்கெட்டுகளைப் பறித்தது செய்தியானபோது, அமெரிக்காவில் குற்றம் பெருகிவிட்டது என்றார்கள். எனக்கு பீட்டர்ஸ்பர்க்தான் ஞாபகம் வந்தது.) முறையிடப்போன இடத்தில் முக்கியப் புள்ளி போடும் அதட்டலில் காய்ச்சல் கண்டு போய்ச்சேருகிறார்.

பேய்ப் பகுதியை ஒட்டவைத்தது என்று குறை சொல்பவர்கள் உண்டு. அவர்கள் மறுபடி காலரைப் பின்தொடர்ந்து படிக்கலாம். பழைய கோட்டின் காலர் வருஷாவருஷம் சிறுத்துக்கொண்டே வந்தது, மற்ற இடங்களின் கிழிசலுக்கு ஒட்டுப்போட அதிலிருந்து வெட்டி எடுத்ததால். கதகதப்புக்காக அழகைத் தின்ற கோட் அது. அதைத்தான் அலுவலகத்தில் கோட் என்றே சொல்லாமல், நாம் நைட்டி என்போமே, அப்படி ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். புதுக் கோட்டின் காலர் பூனை. செத்தபின் வரும் பேயோ பூனை, பீவர், ரக்கூன், நரி, கரடி என்று பதவி பார்க்காமல், ரகம் பார்க்காமல் உருவிக்கொண்டு போகிறது. குளிருக்கு ஒன்று போதும். இது தேர்ந்தெடுக்கிறது, கடைகடையாக ஏறி இறங்குவதைப்போல.

ஒரு இரவு முக்கியப் புள்ளி ஆடம்பரமான கதகதப்பான கோட்டுக்குள் சுருண்டபடி பனிவண்டியில் போகிறார். பின்னாலிருந்து யாரோ அவரை இறுகப் பிடிக்கிறார்கள். கையையோ தோளையோ அல்ல, காலரை. கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அவர் வீட்டுக்கு ஓடுகிறார். அதற்குப்பின் பேய் வருவது நின்றுபோனது என்றும், ஜெனரலின் கோட் அதற்கு அளவெடுத்ததுபோலப் பொருந்தியிருக்க வேண்டும் என்றும் கோகல் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்.