காலாவதி தேதியைத் தடவிப் பார்க்க முடியுமா?

என் பெரியப்பாவுக்கு சர்க்கரையால் விழித்திரை கெட்டுப்போய், அறுபது வயதுக்கு மேல் பார்வை போனது. இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். தினமும் நான்கு வகை மாத்திரை. காலை பிரஷர் மாத்திரை அட்டையில் ஒரு ரப்பர் பேண்டு, ராத்திரி மாத்திரைக்கு இரண்டு. சாப்பாட்டுக்கு முன் போடுவதன் ஓரம் மடக்கியிருக்கும். நாலாவது ஒரு டப்பாவுக்குள். இதுவரை தப்பு நடந்ததாக நினைவில்லை.

"பெரியப்பா, பெயர் தெரிஞ்சுக்க வேண்டாமா?" என்று கேட்டேன். "பெயரை நீ படிடா. எனக்கு இது அது இல்லைன்னு தெரிஞ்சா போதும். அப்புறம் டேட் முடிஞ்சுதான்னு தெரியணும்" என்றார்.

இந்த இரண்டு தேவைகளையும் கையில் வைத்துக்கொண்டு, பார்வையற்றவர்களுக்கென்று செய்யப்பட்ட லேபிள்களை கொஞ்ச நாளாகப் பார்த்து வருகிறேன். பல லேபிள்கள் "நாம் படிப்பதை அவர்களுக்கு எப்படிக் கொடுப்பது?" என்ற கேள்வியிலிருந்து தொடங்குகின்றன. பெரியப்பாவின் கேள்வி வேறு. பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எடுக்கவேண்டிய முடிவு என்ன என்பதுதான் அது.

முதலில் நன்றாகச் செய்யப்பட்ட ஒன்றைப் பார்ப்போம். 2004-ல் வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டத் திருத்தப்படி, மருந்துப் பெட்டியில் மருந்தின் பெயர் பிரெய்லில் இருக்கவேண்டும். புள்ளிகளுக்கு நடுவே 2.5 மி.மீ., எழுத்துக்கு எழுத்து 6 மி.மீ., வரிக்கு வரி 10 மி.மீ. என்று ஒரே அளவு பின்பற்றப்படுகிறது. எந்த நிறுவனத்தின் பெட்டியானாலும் விரலுக்குப் பழகிய அளவு. இதைக் குறை சொல்ல மனசு வரவில்லை.

ஆனாலும் இரண்டு ஓட்டைகள். ஒன்று, பெரியப்பாவைப் போல வயதான பிறகு பார்வை இழந்த பலருக்கு பிரெய்ல் தெரியாது. சர்க்கரையால் விரல் நுனி மரத்துப்போனவர்களுக்குப் புதிதாகக் கற்பதும் கஷ்டம். இரண்டாவது, சட்டம் பிரெய்லில் கேட்பது பெயரை மட்டும். காலாவதி தேதியைக் கேட்கவில்லை.

ஏன் தேதி இல்லை என்று யோசித்தேன். காரணம் உற்பத்தி முறையில் இருக்கிறது. அட்டைப் பெட்டி தயாராகும் இடத்திலேயே அச்சு வைத்து அழுத்தி பிரெய்ல் புள்ளிகளை எழுப்பிவிடுகிறார்கள். ஒரே அச்சில் லட்சக்கணக்கான பெட்டிகள். பேட்ச் எண்ணும் தேதியும் பிறகு, மருந்தை அடைக்கும் இடத்தில் அச்சாகின்றன. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் பெயர் கம்பைல் டைமில் முடிவாகிறது, தேதி ரன் டைமில். ரன் டைமில் மாறும் ஒன்றை அழுத்தி எடுக்கும் அச்சில் வைக்க முடியாது. ஆகவே இதை வெறும் அலட்சியம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தேதிக்கு வேறு வழி தேடவேண்டும் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

படிக்கவே தேவையில்லாத லேபிளுக்கு ஜப்பானில் நல்ல உதாரணம் உண்டு. 1991-ல் காவோ நிறுவனம் தன் ஷாம்பு பாட்டிலின் பக்கவாட்டில் சொரசொரப்பான சின்னச் சின்ன வரிகளை வைத்தது. கண்டிஷனர் பாட்டில் வழவழப்பாகவே இருந்தது. உரிமையைத் தன்னிடம் பூட்டி வைக்காமல் மற்ற நிறுவனங்களும் பயன்படுத்த விட்டதால் அது பொதுப்பழக்கம் ஆனது. தலையில் நுரையோடு கண்ணை மூடிக்கொண்டு பாட்டிலைத் தேடும் எல்லோருக்கும் அது உதவுகிறது. கிட்டத்தட்ட பெரியப்பாவின் ரப்பர் பேண்டுதான், தொழிற்சாலையிலேயே போட்டு வந்திருக்கிறது.

இனி நம்மூர். 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவில் அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளில் பார்கோடு அல்லது க்யூஆர் கோடு கட்டாயம். போலி மருந்தைக் கண்டுபிடிக்க வந்த விதி இது. ஆனால் கோடில் இருக்கவேண்டிய பட்டியலைப் பாருங்க: மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி. ஐரோப்பாவின் பிரெய்லால் கொடுக்க முடியாத தேதி இதில் உட்கார்ந்திருக்கிறது! அதே வருடம் உணவுப் பொட்டலங்களிலும் பார்வையற்றவர்களுக்காக க்யூஆர் கோடு வைக்கும்படி எஃப்எஸ்எஸ்ஏஐ பரிந்துரைத்தது.

சந்தோஷமாக ஒரு மாத்திரை அட்டையைப் பெரியப்பாவிடம் கொடுத்து, அவர் போனில் டாக்பேக் போட்டு, ஸ்கேன் செய்யச் சொன்னேன். கோடு எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. நான்கு தடவை திருப்பினார். அலுமினிய ஃபாயிலில் வெளிச்சம் பட்டு மின்னியதில் கேமரா திணறியது. நான் கையைப் பிடித்து நகர்த்திய பிறகுதான் பிடித்தது. தேதியையும் படித்தது. "நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ பக்கத்துல இருந்தா நீயே படிச்சுச் சொல்லிடலாமே?" என்றார். பதில் இல்லை என்னிடம்.

இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை க்யூஆர் கோடு பார்வையற்றவரிடமே விட்டுவிடுகிறது. ஸ்பெயினில் உருவான நேவிலென்ஸ் என்ற வண்ணக் கட்டக் கோடு இந்தச் சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டது. கேமராவை நேராகக் குறிவைக்காமலே, சில மீட்டர் தூரத்திலிருந்தே போன் அதைப் பிடித்துவிடும். 2020-ல் பிரிட்டனில் கெல்லாக்ஸ் சீரியல் பெட்டிகளில் இதைச் சோதித்தார்கள். ஆனால் பெரிய பெட்டிக்குச் சரி, மாத்திரை அட்டையில் அவ்வளவு இடம் கிடையாது.

இன்னொரு சிக்கல் நம் மெடிக்கல் ஷாப் பழக்கம். விதிப்படி மாத்திரை அட்டையில் இடம் போதாவிட்டால் கோடை வெளிப்பெட்டியில் போடலாம். பத்து அட்டை கொண்ட அந்தப் பெட்டி கடையிலேயே தங்கிவிடும், வீட்டுக்கு வராது. நாலு மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டித் தருவார்கள். பொறுப்பான கடைக்காரர் தேதி இருக்கும் ஓரத்தைக் கடைசிவரை தன்னிடம் வைத்துக்கொள்வார். நம் கையில் வருவது தேதி இல்லாத துண்டு. அந்த நேரத்தில் பார்வை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் வித்தியாசமே இல்லை.

என் கருத்தில் மூன்று சின்ன மாற்றங்கள் போதும். கோடு எப்போதும் அட்டையின் ஒரே மூலையில், தடவினால் தெரியும் ஒரு மேட்டுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அந்தக் கோடு மாறாதது, அச்சிலேயே வைக்கலாம். வெட்டினாலும் தப்பிக்கும்படி தேதி ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்னால் திரும்பத் திரும்ப வரட்டும். ஸ்கேன் செய்தால் முதலில் பெயரும் தேதியும் வெறும் எழுத்தாகக் கேட்கட்டும், விளம்பரப் படங்கள் பிறகு வரலாம்.

செலவு ஆகும் என்பார்கள். ஆகும்தான். ஆனால் கோடுக்கான செலவை 300 பிராண்டுகள் ஏற்கெனவே செய்துவிட்டன. அதை விரல் கண்டுபிடிக்கும் இடத்தில் வைப்பதுதான் பாக்கி.

போன வாரம் பெரியப்பா வீட்டுக்குப் போனபோது ஒரு பாக்கெட் ரப்பர் பேண்டு வாங்கிக் கொடுத்தேன். பழையது இற்றுப் போயிருந்தது.