‘பொதுமக்கள் அவதி’: ஒரு செய்தி வகையைப் பற்றிச் சில குறிப்புகள்

போன மழைக்காலத்திலிருந்து ஒரு வேலை செய்து வருகிறேன். பழைய பேப்பரை எடைக்குப் போடுவதற்கு முன்னால், தாம்பரம், குரோம்பேட்டை, பம்மல், முடிச்சூர் என்று நம்ம ஏரியாப் பெயர் வரும் செய்திகளை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைப்பது. ஆராய்ச்சி என்றெல்லாம் பெரிதாகச் சொல்ல மாட்டேன். புறநகரைப் பற்றிப் பத்திரிகைகள் என்னதான் எழுதுகின்றன என்று பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

நோட்டு நிறைந்ததும் உட்கார்ந்து மொத்தமாகப் படித்தேன். ஒரே செய்தியைத்தான் திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கிறேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

அந்தச் செய்தி உங்களுக்கும் தெரியும். குண்டும் குழியுமான சாலை. தேங்கி நிற்கும் கழிவுநீர். வாகன ஓட்டிகள் சிரமம், பொதுமக்கள் அவதி. சம்பந்தப்பட்ட அதிகாரிகள் உடனடி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சமூக ஆர்வலர்கள் கோரிக்கை விடுத்துள்ளனர். கடைசி வரி ‘கோரிக்கை’யில் முடியாவிட்டால் யாப்பு கெட்டுப் போகும் போல.

இதில் பொய் எதுவும் இல்லை. சாலை நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது. என் குறை வேறு. இந்தச் செய்தியில் ஆளே கிடையாது. ‘பொதுமக்கள்’ யார்? பெயர் இல்லை, தெரு இல்லை. ‘சம்பந்தப்பட்ட அதிகாரி’ எந்தத் துறை? நம்ம பக்கம் நெடுஞ்சாலை ஒரு துறை, உள்தெரு மாநகராட்சி, அடையாறும் பெரிய ஏரிகளும் நீர்வளத் துறை. ஒரே மழைநீர் மூன்று அலுவலகங்களின் எல்லையைத் தாண்டித்தான் ஓடுகிறது. எந்த எல்லையில் வேலை நிற்கிறது என்பதுதான் செய்தி. அதைச் சொல்லாமல் ‘சம்பந்தப்பட்ட’ என்று எழுதினால் யாரும் சம்பந்தப்படாமல் போய்விடலாம்.

இந்த வகைக்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு: ‘செய்தி எதிரொலி’. ஒரு லோடு கட்டிட இடிபாட்டைக் கொண்டுவந்து பள்ளத்தில் கொட்டுவார்கள், மறுநாள் படத்தோடு வரும். அடுத்த மழையில் அது கரைந்து போனால் மறுபடி முதல் செய்தி. பள்ளத்துக்கு யார் காரணம், ஒப்பந்தம் யாருக்கு, பணம் எவ்வளவு என்ற கேள்விகள் இந்த வட்டத்துக்குள் வருவதே இல்லை. பத்திரிகைக்கும் வெற்றி, அலுவலகத்துக்கும் வெற்றி. பள்ளம் மட்டும் அப்படியே.

இதனால் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். 2015 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். அந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் ஆட்கள் மாடியில் நின்றார்கள். ஏன் வெள்ளம் வந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் எங்கள் தெருவில் பாதிப் பேர் ‘செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டாங்க’ என்பார்கள். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் வந்து சேருவது திருநீர்மலைப் பக்கத்தில். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆதனூர்ப் பக்கத்திலிருந்து வரும் கிளையில் இருக்கின்றன. அங்கே வந்த தண்ணீர் முக்கியமாக ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் பொருந்துகிற காரணத்தை நாமும் வாங்கி மாட்டிக்கொண்டோம். நகரத்தின் செய்தியை நம் செய்தி என்று படித்த பழக்கம் இது. காரணம் தப்பானால் கேள்வியும் தப்பாகும். ‘ஏரியை ஏன் திறந்தாய்’ என்று கேட்கிறவர், ‘வரத்துக்கால்வாய் ஓரத்தில் மனைக்கு அனுமதி தந்தது யார்’ என்று கேட்க மறந்துவிடுவார். அந்தக் கேள்விக்கு நம்ம ஊரிலேயே ஒரு கோப்பு இருக்கும்.

வேறு மாதிரிப் பத்திரிகை இங்கே இல்லாமல் இல்லை. 1990களில் சென்னையில் வட்டார இலவச வார இதழ்கள் வந்தன. அடையாறு டைம்ஸ், மாம்பலம் டைம்ஸ் எல்லாம் அந்தக் காலத்தவை. மயிலாப்பூர் டைம்ஸ் 1994இல் வின்சென்ட் டிசோசா தொடங்கியது. ஒரு தெருவின் பெயரைச் சொல்லி, ஒரு கச்சேரி, ஒரு பூங்கா, ஒரு குப்பைத் தொட்டி என்று எழுதிய அந்த அக்கறை எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்த வகையின் எல்லையும் தெரிகிறது. மொழி ஆங்கிலம். செலவைத் தாங்குவது விளம்பரம். ஆகவே விளம்பரதாரர் தேடுகிற வாசகர் இருக்கும் வீட்டுக்குத்தான் இதழ் போகும். அடுக்குமாடியின் வாசலில் விழும், பக்கத்துத் தெரு டீக்கடைக்கு வராது. வெள்ளத்தில் முதலில் மூழ்குகிற தரைத்தளத்து வாடகை வீட்டுக்காரர் அதில் வாசகராகவும் இல்லை, செய்தியாகவும் இல்லை.

அப்போ வாட்ஸ்அப் குழு? நம்ம குடியிருப்போர் சங்கக் குழுவில் நானும் இருக்கிறேன். கரண்ட் எப்போ வரும், தண்ணி லாரி எங்கே நிற்கிறது என்பதற்கு அதைவிட வேகமான பத்திரிகை இல்லை. ஆனால் ஒரு ராத்திரி சிசிடிவி படம் ஒன்று வந்தது. ‘நம்ம தெருவை நோட்டம் பார்க்கிறான், உஷார்’ என்று எழுதியிருந்தது. காலைக்குள் நாலு குழு தாண்டிவிட்டது. விசாரித்தால், வீட்டு எண் தெரியாமல் அலைந்த டெலிவரி பையன். படத்தை அழித்தார்கள். மன்னிப்பு யாரும் எழுதவில்லை. யாரிடம் எழுதுவது? ஆசிரியர் என்று ஒருவர் அங்கே கிடையாதே. அந்தப் பையன் அடுத்த தடவை எங்கள் தெருவுக்கு ஆர்டர் எடுத்தானா என்று எனக்குத் தெரியாது.

ஆக ஒரு பக்கம் ஆளில்லாத செய்தி, இன்னொரு பக்கம் முகம் மட்டும் இருக்கிற வதந்தி. நடுவில் இருக்க வேண்டியது நிர்வாகத்தைப் பற்றிய சாதாரணமான, சலிப்பூட்டுகிற செய்தி. அதுதான் காணோம். 2011இல் தேர்ந்தெடுத்த நகராட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே இல்லாமல் அதிகாரிகள் கையில் ஊர் இருந்தது. அந்த இடைவெளியிலேயே, 2021இல், ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். இப்போ 70 வார்டு. 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்துக்கு முதலமைச்சரே வந்ததால் எல்லாப் பத்திரிகையிலும் படம் வந்தது. அதற்கப்புறம் உங்கள் வார்டில் பகுதி சபை கூடியதா, என்ன தீர்மானம் போட்டார்கள் என்று எங்கேயாவது படித்தீர்களா? என் நோட்டில் ஒன்றுகூட இல்லை.

நிருபரைத் திட்டி இதை முடிக்க முடியாது. பல இடங்களில் அவர் பகுதிநேரக்காரர். சம்பளம் சொற்பம், விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும். ஒரு நாள் முழுக்க மன்றக் கூட்டத்தில் உட்கார்ந்தால் அவருக்குக் கிடைப்பது நாலு வரி. அவதிச் செய்திக்கோ ஒரு போட்டோ போதும். எளிதாகக் கிடைப்பதைத்தான் எழுதுவார், நானாக இருந்தாலும் அப்படித்தான்.

ஆனால் நாலு வரியிலேயே வேறு செய்தி எழுத முடியும். எந்த வார்டு, எந்தத் தெரு, எந்தத் துறை, எவ்வளவு ஒதுக்கினார்கள், எப்போ முடிக்க வேண்டும். அவ்வளவு போதும். ‘அவதி’ என்ற சொல்லே வேண்டாம், படிக்கிறவருக்குத் தானாகப் புரியும்.

சோதித்துப் பார்க்கத்தான் போன மாதம் எங்கள் குழுவில் ஒரு மழைநீர் வடிகால் வேலையைப் பற்றி இப்படியே நாலு வரி போட்டேன். தளத்தில் வைத்திருந்த பலகையில் இருந்த விவரம்தான். வழக்கமான கும்பிடு எமோஜி எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தரைத்தளத்தில் குடியிருக்கிற ஒரு அக்கா மட்டும் கேட்டார்: “தம்பி, இந்தத் தேதி போன மாசமே முடிஞ்சிடுச்சே? இன்னும் பாதிதான் தோண்டியிருக்காங்க.”

இத்தனை துணுக்கு ஒட்டிய என் நோட்டில் இந்தக் கேள்வி ஒரு இடத்திலும் இல்லை. அதைக் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.