ஓமின் விதியும் வகுத்தற் கணக்கும்

சூத்திரத்தை மனனஞ் செய்து அதன் உரையைக் கைவிடுதல் இலக்கணம் பயில்வார்க்கு மாத்திரம் உரிய குறையன்று. பௌதிகவியல் பயில்வாரிடத்தும் அது காணப்படும். அழுத்த வித்தியாசத்தை ஓட்டத்தால் வகுக்கத் தடை பெறப்படும். அவ்விரண்டையும் பெருக்க வலு பெறப்படும். இவ்விரு கணக்குகளையும் மாணாக்கர் எளிதிற் செய்வர். செய்தபின், ஓமின் விதியைப் பிரயோகித்தோம் என்பர். அவ்விதியைத் தந்த அறிஞரின் ஆக்கங்களை நோக்கின், இக்கூற்று எத்துணை பொருந்தும் என்பது புலனாகும்.

யோர்ச் சைமன் ஓம் 1789 ஆம் ஆண்டு ஜேர்மனியிலுள்ள ஏர்லாங்கன் நகரிற் பிறந்தவர். கொலோன் நகரப் பாடசாலையொன்றிற் கற்பித்த காலத்திலே தம் மின்னாராய்ச்சிகளை நடாத்தினார். அவற்றுட் சிறந்தது 1826 இல் வெளியான கட்டுரையாகும். அக்கால மின்கலங்களின் ஆற்றல் நிலைத்து நில்லாமையால், 1825 இல் அவர் கண்ட முதற் சூத்திரம் பிழைபட்டது. ஆதலின், பொக்கெண்டோர்வ் என்பாரின் ஆலோசனைப்படி, செம்பும் பிசுமதும் பொருந்திய வெப்பமின் இணையை மேற்கொண்டார். அதன் ஒரு பொருத்தைக் கொதிநீரின் வெப்பநிலையிலும் மற்றையதைப் பனிக்கட்டியின் வெப்பநிலையிலும் வைத்தமையால் மாறா மூலமொன்று அவருக்குக் கிடைத்தது.

ஒரே தடிப்பும் வெவ்வேறு நீளமுமுடைய எட்டுச் செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து, காந்த ஊசியின் விலகலை ஈடுசெய்யும் முறுக்கினால் ஓட்டத்தை அளந்தார். ஒரு தொகுதி அளவீடுகளில், 2 அங்குலக் கம்பிக்கு 326¾ உம் 130 அங்குலக் கம்பிக்கு 48½ உம் கிடைத்தன. நீளம் 65 மடங்காகியும் ஓட்டம் ஏறக்குறைய ஏழிலொன்றாகவே குறைந்தமை நோக்கற்பாலது. சுற்றின் எஞ்சிய பகுதி 20¼ அங்குலக் கம்பிக்கு நிகரான தடையைத் தருவதாகக் கொண்டு, அதனையும் கூட்டிக் கணித்தபோது எட்டு அளவீடுகளும் ஒரே சமன்பாட்டிற்கு நன்கு இணங்கின. விதி பிறந்த இடம் இதுவே.

அடுத்த ஆண்டில், அஃதாவது 1827 இல், பேர்லினில் வெளியான 'கல்வானிச் சுற்று: கணித ஆய்வு' என்னும் நூல் வேறு நெறியிற் சென்றது. வெப்பக் கடத்தல் பற்றிப் பூரியே 1822 இல் வெளியிட்ட கொள்கையை மாதிரியாகக் கொண்டு, அயலயலாகவுள்ள துணிக்கைகளிடையே மின் கடத்தப்படும் முறையை முதற்கண் எடுகோளாக வைத்து, பின் யாவற்றையும் கணிதத்தாற் பெறுகின்றது அந்நூல். கட்டுக்கோப்பில் அது சிறந்ததே. எனினும் அதிற் குறைகள் இரண்டு உள. அழுத்தத்தைக் கடத்தியினுள் நிறைந்த மின்னின் அடர்த்தியாகக் கொண்டமை ஒன்று. நிலைமின்னியலோடு முரணும் இக்கருத்தைக் கேர்ச்சோவ் 1849 இல் திருத்தினார். அரிதின் முயன்று பெற்ற பரிசோதனைச் சான்றுகளைப் பின்தள்ளிவிட்டமை மற்றொன்று. படிப்போர்க்கு எடுகோள்களே விதியின் ஆதாரம்போலத் தோன்றின.

யோர்ச் பிரீட்றிச் போல் என்னும் பௌதிக அறிஞர் அந்நூலைக் கடுமையாகக் கண்டித்தார். அக்கண்டனம் நீதியானதன்று, 1826 இன் அளவீடுகள் அச்சேறி யாவரும் காணுமாறு இருந்தன. ஆயினும், அத்தகைய கண்டனத்திற்கு இடங்கொடுத்தது நூலின் அமைப்பே எனல் வேண்டும். இலண்டன் றோயல் சங்கம் 1841 இல் கொப்லிப் பதக்கம் அளித்து ஓமின் பணியைச் சிறப்பித்தது.

இன்று வகுப்பறையில் நிகழ்வதும் அந்நூலின் இரண்டாங் குறையை ஒத்ததே. சமன்பாடு முன்னிற்கப் பரிசோதனை மறைந்துவிடுகின்றது. அழுத்த வித்தியாசத்தை ஓட்டத்தால் வகுத்துப் பெறுவது தடையின் வரைவிலக்கணம். அஃது எப்பொருளுக்கும் செய்யக்கூடியது. வெப்பநிலை முதலியன மாறாதிருக்க, அழுத்தம் எவ்வாறு மாறினும் அவ்விகிதம் மாறாது என்பதே ஓமின் விதி. முன்னையது பெயரிடுதல், பின்னையது இயற்கையைப் பற்றிய கூற்று, ஆதலாற் பொய்ப்பிக்கப்படவுங் கூடியது.

230 உவோற்று, 60 உவாற்று எனக் குறிக்கப்பட்ட தங்குதன் இழை மின்குமிழை எடுத்துக்கொள்க. ஒளிரும்போது அதன் ஓட்டம் ஏறக்குறைய 0.26 அம்பியர், தடை ஏறக்குறைய 882 ஓம். அணைந்து குளிர்ந்தபின் அளப்பின், தடை இதிற் பத்திலொன்றினும் குறைவாக இருக்கும். அது 70 ஓம் எனக் கொண்டு, அழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்து வலுவைக் கணிக்கும் மாணாக்கன் ஏறக்குறைய 756 உவாற்று என விடை பெறுவான். வகுத்தலிற் பிழையில்லை, தடை மாறாதது எனக் கொண்டதே பிழை.

வலுவின் கணக்கிலும் இத்தகைய மயக்கம் உண்டு. அழுத்த வித்தியாசம் என்பது ஓரலகு மின்னேற்றத்தின்மீது செய்யப்படும் வேலை. ஓட்டம் என்பது ஒரு செக்கனிற் செல்லும் மின்னேற்றம். ஆகவே அவற்றின் பெருக்கம் வலுவாதல் ஓமின் விதியை வேண்டி நில்லாது. ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்கக் கிடைப்பதோ வெப்பமாகும் வலு. யூல் 1840 அளவிற் பரிசோதனையாற் கண்டது இதுவே. 220 உவோற்றில் 5 அம்பியர் பெறும் நேரோட்ட மோட்டாரொன்றின் சுற்றுக்கம்பித் தடை 2 ஓம் ஆயின், அது பெறும் வலு 1100 உவாற்று. கம்பியில் வெப்பமாவது 50 உவாற்று மாத்திரமே. எஞ்சிய 1050 உவாற்றுப் பொறிமுறை வேலையாக மாறும். அதில் ஒரு பகுதி உராய்விற் கழியும். இங்கு 220 ஐ 5 ஆல் வகுத்து 44 ஓம் எனக் கூறின், அது கம்பியின் தடையாகாது.

ஒரே அளவீட்டினின்று தடையைக் கணித்துவிட்டு விதியை நிறுவினோம் என்றல் பொருந்தாது. அழுத்தத்தைப் பலமுறை மாற்றி, கம்பி சூடேறாது காத்து, அளவீடுகளை வரைபிற் குறித்து, அவை உற்பத்தியினூடு செல்லும் நேர்கோட்டில் அமைதலைக் கண்டபின்னரே ஓமின் விதியைப் பற்றிப் பேசுதல் தகும். எட்டுக் கம்பிகளுடன் அவ்வாசிரியர் செய்த முயற்சியை முதலிற் கற்பித்து, சமன்பாட்டைப் பின்னர்க் கற்பிப்பின், மாணாக்கர் விடையோடு அதன் எல்லையையும் அறிவர்.