மூன்று அடுக்கில் ஒரு பை

மேலே பூப்போட்ட பருத்தித் துணி, நடுவே மெல்லிய பஞ்சு விரிப்பு, அடியில் லைனிங். மூன்றையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டினால், துவண்டு விழும் துணி நிமிர்ந்து நிற்கும் உரம் பெறுகிறது. க்வில்ட் பையின் அழகே இதுதான். ஃபேஷன் நிறுவனமான ஷனேல் 1955இல் வெளியிட்ட புகழ்பெற்ற 2.55 கைப்பைக்கு அடையாளமாக நிற்பதும் சாய்சதுரமாக ஓடும் இத்தகைய தையலே.

முதன்முறையாகத் தைப்பவருக்குப் பேட்டர்ன் தாள், பக்கத்தில் நின்று சொல்லித்தரும் ஆசிரியர் மாதிரி. அதிலுள்ள அம்புக்குறி, துணியின் பாவு நூல் ஓடும் திசை. அதை மீறி வெட்டினால் பை நாளடைவில் கோணலாக இழுத்துக்கொள்ளும். துணியைச் சற்றுப் பெரிதாக எடுத்து, க்வில்ட் செய்த பிறகே அளவுக்கு வெட்ட வேண்டும். தையல் ஏற ஏறத் துணி சுருங்கும். நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கித் தைத்துப் போனால் சுருக்கம் விழுவது குறையும்.

எனக்கு மிகவும் பிடித்தது அடிமூலை. பக்கத் தையலையும் அடித்தையலையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, மூலையை முக்கோணமாக்கிக் குறுக்கே ஒரு தையல் போட்டால், தட்டையான பைக்கு அடிப்பாகம் வந்துவிடுகிறது. முனையிலிருந்து 2 அங்குலம் தள்ளித் தைத்தால் அகலம் 4 அங்குலம். உள்ளே தெரியும் விளிம்புகளைக் கிராஸ் பீஸ் (சாய்வாக வெட்டிய துணிப்பட்டை) வைத்து மூடிவிட்டால், பை உள்ளும் புறமும் ஒரே நேர்த்தி.

முதல் பைக்கு ஜிப் வேண்டாம். இரண்டு கைப்பிடி வைத்த எளிய பேட்டர்ன் ஒன்றை எடுத்துத் தைத்துப் பாருங்கள். கடையில் தொங்கும் பையின் விலையில் எவ்வளவு கைவேலை அடங்கியிருக்கிறது என்பது அப்போது தெரியும்.