மிஸ் மார்வெல்: ஐந்தாம் அத்தியாயத்தில் கமலாவின் வளர்ச்சி

‘மிஸ் மார்வெல்’ 2022-இல் டிஸ்னி பிளஸ் தளத்தில் வெளியான, ஆறு அத்தியாயங்கள் கொண்ட தொடர். நாயகி கமலா கான் அமெரிக்காவின் ஜெர்சி நகரில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பதின்வயதுப் பெண். முதல் அத்தியாயத்தில் கேப்டன் மார்வெல் வேடமிட்டு மேடையேறி, பிறர் வியக்க வேண்டும் என விரும்பியவள்.

ஷர்மீன் ஒபைத் சினாய் இயக்கிய ஐந்தாம் அத்தியாயம் அவளை 1947-இன் பிரிவினைக்கால ரயில் நிலையத்துக்குக் கொண்டுசெல்கிறது. அங்கே நெரிசலில் தவிக்கும் குழந்தை சனா, பின்னாளில் அவளுக்குப் பாட்டியாகப் போகிறவர். சனாவைத் தந்தையிடம் சேர்த்ததாகக் குடும்பத்தில் சொல்லப்பட்ட நட்சத்திரத் தடம், தன் கையிலிருந்து பிறந்த ஒளியே எனக் கமலா உணர்கிறாள். எதிரியை வீழ்த்துவதில் அல்ல, ஒரு குழந்தைக்கு வழிகாட்டுவதில்தான் அவள் வளர்கிறாள்.

நஜ்மாவின் திடீர் மனமாற்றம் நம்பும்படி இல்லை. இது அத்தியாயத்தின் குறை. எனினும், மகளின் ரகசியத்தை அறிந்த தாய் முனீபா அதை அன்போடு ஏற்பது அவ்வளர்ச்சியை முழுமையாக்குகிறது.