ஜீனோவும் ராட்டினமும்

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 2021-ஐக் கற்பனை செய்த நாவல். அதில் ஜீனோ என்ற இயந்திர நாய் படிக்கும், யோசிக்கும், சர்வாதிகாரத்தையே எதிர்க்கும். இயந்திரம் யார் கையில் என்பதுதான் நாவலின் பயம். நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயம் அதிகாரத்தோடு நின்றுவிடுகிறது. கரண்ட் கம்பம்வரை வருவதில்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைத் தாக்கியது. அனல்மின் நிலையங்கள் உள்ள நெய்வேலியும் இதே மாவட்டம்தான். இருந்தும் கம்பங்கள் சாய்ந்ததில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மோட்டார் ஓடாமல் குடிதண்ணீருக்கே அலைச்சல்.

அதற்குப் பிறகுதான் ஸ்ரீமுஷ்ணத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றை மூடினோம். ராட்டினத்தைப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு. இயந்திரத்தை நம்பியது தப்பில்லை. மாற்றுவழியையும் சேர்த்து விற்றதுதான் தப்பு. பேக்கப் எடுக்காமல் ஒரு ஃபைலைக்கூட அழிக்காத நானும் அன்று சும்மாதான் நின்றேன்.