பொருளிலிப் பாடலும் ஓவியரின் பொறுப்பும்

சொல் பொருளைச் சுட்டவே அமைவது என்பது தமிழ் இலக்கண மரபின் அடிப்படைக் கொள்கை. அவ்வாறாயின், அகராதியில் இடம்பெறாத சொற்களால் இயன்ற பாடலொன்றுக்கு ஓவியம் தீட்டுவது எங்ஙனம்? ஓவியக்கலை பயிலும் மாணவர் ஒருவர் லூயிஸ் கரோலின் 'ஜாபர்வாக்கி' என்னும் பாடலை வகுப்பு ஒப்படைப்புக்கு எடுத்துக்கொள்வாராயின், முதலில் எதிர்கொள்ளும் வினா இதுவே. இவ்வினாவை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1871ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ஆலிசின் இரண்டாம் கதைநூலில் இப்பாடல் முழுமையாக இடம்பெற்றது. இதனைப் பொருளற்றது என ஒதுக்குதல் பொருந்தாது. தமிழ்த் தொடரொன்றில் பெயரையும் வினைப்பகுதியையும் மாற்றிவிட்டு, வேற்றுமை உருபையும் வினை விகுதியையும் நிலைநிறுத்தினால், ஒருவர் ஒன்றைச் செய்தார் என்பது புலனாகும். அது எது என்பது மட்டும் புலனாகாது. கரோல் செய்ததும் இதுவே. தந்தை எச்சரிக்கிறார்; மகன் வாளேந்திச் சென்று விலங்கைக் கொன்று அதன் தலையுடன் மீள்கிறான். கதை தெளிவு, கதையில் வரும் பொருள்களே இருள்.

இவ்விடத்தில்தான் மாணவர் வழுக்கக்கூடும். அறியாப் பெயருக்கு அறிந்த உருவத்தை அளித்து, விலங்கினைப் பழகிய பறவைநாகமாகத் தீட்டிவிடுவது எளிது. பாடல் தருவனவோ கடிக்கும் தாடை, பற்றும் நகம், கனலும் கண், வரும்போது எழும் ஓசை ஆகியவையே. சிறகும் நீண்ட கழுத்தும் கரோல் தந்தவையல்ல. நூலுக்குப் படம் வரைந்த ஜான் டென்னியல் தந்தவை.

டென்னியலின் ஓவியமோ வெறும் பறவைநாகம் அன்று. அவ்விலங்கு மேற்சட்டை அணிந்திருக்கிறது. அச்சமும் நகைப்பும் ஒருங்கே தோன்றுகின்றன. இரு சொற்களை ஒரே பெட்டியில் மடித்து வைத்தாற்போன்ற சொற்கள் இப்பாடலில் உள்ளன என்று அந்நூலிலேயே ஹம்டி டம்டி விளக்கும். பாடல் சொற்களை இணைத்த முறையிலேயே டென்னியல் உறுப்புகளை இணைத்தார் என நாம் கருதுகிறோம். ஆதலின் மாணவர் அவரிடம் கற்க வேண்டியது உருவத்தை அன்று, உருவாக்கிய முறையை. இவ்வோவியத்தை நூலின் முகப்புப் படமாக்கவே முதலில் எண்ணினர். குழந்தைகள் அஞ்சுவரோ என ஐயுற்ற கரோல், ஏறத்தாழ முப்பது தாய்மாரின் கருத்தை வினவிய பின்னர் அதனை உள்ளே இடம்பெறச் செய்தார். படம் சொல்லினும் வலிதாகப் பதியும் என்பதை அவர் உணர்ந்திருந்தமைக்கு இது சான்று.

வரையாமையும் ஒரு நெறியே. கரோலின் 'ஸ்னார்க் வேட்டை' 1876இல் ஹென்றி ஹாலிடேயின் ஓவியங்களுடன் வெளிவந்தது. பாடலின் இறுதியில் அச்சுறுத்தும் 'பூஜம்' என்பதையும் ஹாலிடே வரைந்தளித்தார். கரோல் அதனை ஏற்கவில்லை. அது கற்பனைக்கு எட்டாததாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் விருப்பம். அதே நூலில் இடம்பெற்ற கடல்வரைபடமோ விளிம்பில் திசைப்பெயர்களும் நடுவே வெற்றிடமும் கொண்டது. வெற்றிடமும் படமாதல் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வகுப்பு ஒப்படைப்பில் வெற்றுத்தாளை அளித்தல் இயலாதே எனலாம். அது மெய்யே. ஆயினும் சிறுவனின் நிலை, மரங்களின் அசைவு, வாளின் வீச்சு ஆகியவற்றைத் துல்லியமாகத் தீட்டி, விலங்கை நிழலாகவோ கண்ணின் கனலாகவோ மட்டும் நிறுத்தலாம். இலக்கணம் தெளிவாக்கியதை ஓவியம் தெளிவாக்கட்டும். பெயர் மறைத்ததை ஓவியமும் மறைக்கட்டும்.

மதிப்பீடு செய்வோர்க்கும் இதில் பங்குண்டு. நுணுக்கமான செதில்களுக்கே மதிப்பெண் வழங்கினால், மாணவர் செதில்களையே வரைவர். பாடலைப் படிக்கும் ஒவ்வொரு குழந்தையும் தனக்கென ஒரு விலங்கைப் படைத்துக்கொள்கிறது. அதனை அழியாமல் காப்பதே இத்தகைய பாடலுக்குப் படம் வரைவோரின் தலையாய பொறுப்பு என்பது நம் துணிபு.